முதலாளி வெஸ்டலும் டிரைவர் வெஸ்டலும்

எங்கள் பக்கத்தில் பந்தயக் கார் வைத்திருக்கிறவன் யாராக இருந்தாலும், கதவுக்கு மேலே, கூரை விளிம்பில் பெயர் எழுத என்னிடம்தான் வருவான். தேவாலயப் பலகை, பால் வண்டி, சவப்பெட்டிக் கடையின் கண்ணாடி என்று எல்லாம் எழுதுகிற கைதான் இது. ஆனாலும் பந்தயக் காரில் எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். காரின் சொந்தக்காரன் பெயர் எங்கேயோ பின்னால் பொடி எழுத்தில் கிடக்கும். கதவுக்கு மேலே இருப்பது ஓட்டுகிறவன் பெயர். ஜனங்கள் கத்துவது அந்தப் பெயரைத்தான்.

வெஸ்டல் ஹின்ஷா தன் வேலை போய்விட்டது என்று தெரிந்துகொண்டதும் அந்த இடத்தைப் பார்த்துத்தான்.

அப்போது அவன் பென்னிங்கரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். பென்னிங்கருக்கு ஊரில் காலுறை ஆலை இருந்தது. பந்தயக் கார் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு, வேட்டை நாய் வளர்ப்பது மாதிரி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெஸ்டல் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் ஈரல் வைத்த ரொட்டியுமாகக் கேன் கிரீக் பந்தயத் தடத்துக்குள் நுழைந்தான். காரின் கதவுக்கு மேலே வேறொருவன் பெயர் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். பெயிண்ட் ஒட்டியது. அதை எழுதியது நான் இல்லை. ஸால்ஸ்பரியிலிருந்து வரவழைத்த ஒருத்தன். எழுத்து வலது பக்கம் போகப் போக மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது. அநியாயம் செய்கிறவர்கள் அதையாவது ஒழுங்காக எழுதத் தெரிந்தவனிடம் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

வெஸ்டல் ரொட்டியைத் தின்று முடித்தான். பிறகு பென்னிங்கரிடம் போனான்.

"மொதலாளி, பெயிண்ட் இன்னும் காயல. யார் கையும் படாமப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னான். கைகலப்பு வரும் என்று நம்பி நான் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன், ஏமாற்றமாகிவிட்டது. திரும்பும்போது என் வண்டியில் வந்தான். விரலில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துடைக்கவில்லை.

"ஹோபி," என்றான் பாதி வழியில். "அடுத்த மொதலாளியை நானே தேடிக்கறேன்."

தேடினான். கிடைத்த முதலாளி அவனேதான்.

காயலான் கடையில் முன்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு ஷெவர்லேயைக் கொண்டுவந்து மாமனாரின் காலிக் கோழிக் கொட்டகையில் நிறுத்தினான். வார நாட்களில் தீவன லாரி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் அந்தக் காருக்குள் தலையை விட்டுக்கொள்வான். குழு என்று பார்த்தால் நாலே பேர். வெஸ்டல், கையில் ஓட்டக் கடிகாரத்தோடு சுவர்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றையும் எண்ணுகிற அவன் மனைவி லூரீன், டயர் மாற்றுகிற அவள் தம்பி ஃபர்மன், நீளக் கழியின் முனையில் தண்ணீர்க் குவளையைக் கட்டி ஜன்னலுக்குள் நீட்டுகிற நான். காருக்கு நாற்பத்தாறாம் எண். கதவுக்கு மேலே நான் எழுதிய வெஸ்டல் ஹின்ஷா. எழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். கோழி வாசனை மட்டும் கடைசிவரை போகவில்லை.

அந்த முதல் வருஷத்தில்தான் ஒருநாள் கொட்டகைக்குப் போனபோது உள்ளே இரண்டு பேர் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"எவன்டா உன்னை அப்படி மிதிக்கச் சொன்னது? இன்ஜின் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"ஜெயிக்கணும்னா மிதிச்சுத்தான் ஆகணும் மொதலாளி."

"ஜெயிச்சியா?"

"இன்ஜின் வெடிக்கலைன்னா ஜெயிச்சிருப்பேன்."

"இன்ஜினே இல்லாம அடுத்த வாரம் எதை ஓட்டுவே? வீட்டுக்குப் போடா."

"போறேன். அடுத்த தடவையாவது நல்ல வால்வு வாங்கிப் போடுங்க."

எட்டிப் பார்த்தேன். வெஸ்டல் மட்டும்தான் இருந்தான். கழற்றிப்போட்ட இன்ஜினுக்கு இந்தப் பக்கம் நின்று திட்டுவான். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பதில் சொல்வான். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"நியாயத்தை நீயே சொல்லு ஹோபி," என்றான். "இந்த டிரைவரை வெச்சுக்கிட்டு ஒரு மொதலாளி எப்படிக் குப்பை கொட்டறது?"

அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முடிவெட்டும் கடையில் நுழைந்தால், "யாரு வந்திருக்கறது, மொதலாளியா டிரைவரா?" என்று கேட்பார்கள். "டிரைவர்தான். மொதலாளி முடிக்குக்கூடச் செலவு பண்ண மாட்டார்," என்பான். ஒரு ஞாயிறு போதகர் ஜெபத்தின் நடுவே வெஸ்டலையும் அவன் முதலாளியையும் சேர்த்து ஆசீர்வதித்துவிட்டார். சபை குனிந்த தலையோடு குலுங்கியது. சார்லட்டிலிருந்து ஒரு பெரிய குழு தங்கள் காரை ஓட்ட வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது, "ஆசைதான், ஆனா இப்ப இருக்கற மொதலாளி விடமாட்டார்," என்று சொல்லி அனுப்பினான். வந்த ஆள் அந்த முதலாளி யாரென்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டுப் போனான்.

இந்த விளையாட்டில் சேராதது லூரீன் ஒருத்திதான்.

"எனக்கு ஒரு புருஷன்தான்," என்பாள். "ஒருத்தன் சட்டையில இருக்கற கிரீஸைத் துவைக்கறதே பெரும்பாடு."

வெஸ்டல் நிறையப் பந்தயம் ஜெயித்தான். கேன் கிரீக்கில் மட்டும் அவன் வாங்கிய கோப்பைகளில் லூரீன் தக்காளி நாற்று வளர்த்தாள். ஆனால் வருஷம் பூராவும் சேரும் புள்ளிகளைக் கூட்டிக் கடைசியில் ஒருவனுக்குக் கொடுப்பார்களே, சாம்பியன் பட்டம், அது மட்டும் அவன் கைக்கு வரவேயில்லை. பட்டம் நெருங்கும்போதெல்லாம் ஒன்று முதலாளி பழைய டயரோடு அனுப்பிவிடுவார், இல்லை டிரைவர் இரண்டாவது இடம் போதாதென்று போய்ச் சுவரில் மோதிவிடுவான். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்வார்கள்.

சுவரில் மோதியதில் பாதி, டூயி லவுடர் புண்ணியம். லவுடர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். வான்கோழிப் பண்ணை வைத்திருந்தான். அவனும் சொந்தக் கார்தான் ஓட்டினான். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான். எல்லோரும் மெல்லிய ஷூ போட்டுக்கொண்டு ஓட்ட, இவன் மட்டும் பண்ணையில் போடுகிற தடித்த பூட்ஸோடு காருக்குள் ஏறுவான். அது போதாதென்று எந்நேரமும் வேர்க்கடலை மென்றுகொண்டிருப்பான். பந்தயக் கார் பக்கத்தில் கடலை ஓடு கிடந்தாலே விபத்து நிச்சயம் என்பது எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேதபாடத்துக்கு அடுத்த நம்பிக்கை. லவுடர் வேண்டுமென்றே எங்கள் இடத்தருகே வந்து உடைத்துத் தின்பான்.

"அந்தாண்ட போய்யா, கடலையைத் தூக்கிக்கிட்டு," என்பான் வெஸ்டல்.

"ஏன், கோழிக் கொட்டாய்லேர்ந்து வந்த காருக்குக் கடலை ஒத்துக்காதா? எப்படியும் முட்டைதான் போடப்போவுது."

"வான்கோழி மேய்க்கற பூட்ஸோட ஆக்சிலேட்டரை மிதிக்கறவன் பேசறான் பாரு."

தடத்தில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள். மறு வெள்ளிக்கிழமை ஆற்றோர மீன் கடையில் குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்பார்கள். ஒருமுறை அந்த மேசையில் லவுடர், உன் காரை எனக்கு ஒரே ஒரு சுற்று கொடு, எப்படி ஓடுகிறதென்று பார்க்கிறேன் என்று கேட்டான். நான் உயிரோடு இருக்கிறவரை அந்த சீட்டில் வேறெவன் பின்பக்கமும் படாது என்று வெஸ்டல் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் வெஸ்டலுக்கு எல்லாம் கூடிவந்தது. கோடை முழுக்க முதலாளி புது டயர் வாங்கினார், டிரைவர் சொன்ன பேச்சைக் கேட்டான். அக்டோபர் ஞாயிறு மத்தியானம் நடக்கிற கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது புள்ளிப் பட்டியலில் நாற்பத்தாறுதான் முன்னால் நின்றது. தொட்டுக்கொண்டு பின்னால் நின்றது யார் கார் என்று சொல்லவும் வேண்டுமா? பென்னிங்கர் கார். ஓட்டுகிறவர்கள் பெயர் அதன் கதவுக்கு மேலே பலமுறை மாறியிருந்தது. கணக்கு எளிதானது. பென்னிங்கர் கார் அன்றைக்கு முதலாவதாகவே வந்தாலும், வெஸ்டல் ஐந்தாவதாக வந்துவிட்டால் போதும், பட்டம் அவனுக்கு. ஆறாவது என்றால் இல்லை.

அவனுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்னொரு வருஷம் இப்படிக் கூடிவராது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். 

அந்த வாரம்தான் முதலாளிக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சைலன்சர் குழாய் போகிறது. அந்தச் சூடு மேலே வராமல் இருக்க ஒரு கல்நார்த் தகடு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தரையோடு ஒட்டினாற்போல் மேலே தூக்கிக் கட்டினால், கார் இன்னும் தாழ்ந்து நிற்கும், வளைவில் நன்றாகத் திரும்பும். வெஸ்டல் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். லூரீன் காபி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு டிரைவர் ஒத்துக்கிட்டானா?" என்று அவளுக்குப் பதிலாக நான் கேட்டேன்.

"டிரைவரை எவன் கேட்டான்?" என்றான் காருக்கு அடியிலிருந்து.

லூரீன் காபியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து ஊரே கேன் கிரீக்கில் இருந்தது. அக்டோபர் என்று பெயர்தான், வெயில் ஜூலை மாதிரி அடித்தது. போதகர் ஜெபம் செய்தார், இருநூறு சுற்றுப் பந்தயத்துக்குப் பச்சைக் கொடி விழுந்தது. பச்சைக் கொடிக்கு ஒரு விதி உண்டு. பந்தயம் தொடங்க அது முதல்முறை விழும்போது யார் சீட்டில் உட்கார்ந்திருக்கிறானோ, அந்தக் கார் அன்றைக்குச் சம்பாதிக்கும் புள்ளி முழுக்க அவன் பெயரில் ஏறும். நடுவில் வேறொருவன் ஏறி ஓட்டினாலும் சரி. நோயாளிகளும் கை உடைந்தவர்களும் இதை வைத்துப் பிழைத்ததுண்டு. வெஸ்டலுக்கு அது பிடிக்காது. அடுத்தவன் ஓட்டிச் சேர்த்த புள்ளியை வாங்கிக்கொள்வது அடுத்தவன் மென்றதை விழுங்குவது என்பான்.

முதலாளி செய்த வேலை பலித்தது. நாற்பத்தாறு வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. சீக்கிரமே மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டான். பென்னிங்கர் கார் முதலில் போய்க்கொண்டிருந்தது, போகட்டுமே. லவுடரின் இன்ஜின் ஆரம்பத்திலேயே வெள்ளைப் புகையோடு உயிரைவிட்டது. அவன் காரை ஓரங்கட்டிவிட்டுச் சுவரருகே வந்து நின்றான். கார் போனவன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றால், யாராவது கூப்பிட்டால் ஏறி ஓட்டத் தயார் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். வாயால் கேட்பது கௌரவக் குறைச்சல். லவுடர் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி கடலை மென்றுகொண்டு நின்றான். அவன் பக்கம் நாங்கள் திரும்பவில்லை.

பாதிப் பந்தயம் தாண்டியதும் லூரீன் கடிகாரத்தை ஒருமுறை குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். கடிகாரத்தில் தப்பில்லை. நாற்பத்தாறுதான் மெதுவாகிக்கொண்டிருந்தது. நாலாவது இடம். கொஞ்ச நேரத்தில் ஐந்தாவது.

"என்னமோ ஆயிடுச்சு," என்றாள். "மூணாவது வளைவுல கால எடுத்துடறான்."

அப்போதுதான் பின்னால் வந்த இரண்டு கார்கள் மோதித் தடமெல்லாம் எண்ணெய் கொட்டியது. சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். எல்லாக் கார்களும் எங்களுக்கு எதிரே நேர்ப் பாதையில் வரிசையாக நின்றன. அந்த நேரத்தில் காரில் கைவைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கலாம். நானும் லூரீனும் சுவரேறிக் குதித்து ஓடினோம்.

ஜன்னலில் ரப்பர் கருகுகிற நாற்றம் அடித்தது. வெஸ்டலின் வலது ஷூவின் அடிப்பாகம் உருகித் தரைத் தகட்டில் ஒட்டியிருந்தது. நான் குடிக்கக் கொடுத்த தண்ணீரை அவன் குதிகாலில் ஊற்றினான். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. உள்ளே வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எவன் அந்தத் தகட்டைக் கழட்டினது?"

"நான்தான். அதனாலதானே மூணாவதா வந்தே?"

"வந்தேன். இப்போ கால் வெந்துபோச்சே மொதலாளி."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு. இன்னும் கொஞ்சந்தான்."

இத்தனை வருஷமாகக் கேட்டுச் சிரித்த பேச்சுதான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லூரீன் என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"நான் மொதலாளிகிட்டப் பேசணும்," என்றாள்.

வெஸ்டல் அவள் பக்கம் திரும்பினான். அந்த விளையாட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"பேசும்மா," என்றான். "மொதலாளிதான்."

"உங்க டிரைவர் நல்லவன். ஆனா இன்னைக்குப் பொய் சொல்றான். முடியும்பான், நம்பாதீங்க. வளைவுல இடது காலை மாத்திப் போட்டு மிதிக்கறான். கொடி விழுந்ததும் ஒவ்வொருத்தனா இவனைத் தாண்டிப் போயிடுவான்."

"வேற டிரைவருக்கு நான் எங்க போறது?"

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். வெஸ்டலும் பார்த்தான். லவுடர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அவனா?"

"அவன் பூட்ஸைப் பாருங்க."

"அவன் பின்பக்கம் என் சீட்டுக்குள்ள போகவே போகாது."

"தள்ளி ஏத்திக்கலாம்."

வெஸ்டல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். நாலு கார் தள்ளிப் பென்னிங்கர் கார் நின்றது.

"வருஷம் பூரா நான் ஓட்டினேன் லூரீன்." இது முதலாளி குரல் இல்லை.

"தெரியும்," என்றாள். "ஒவ்வொரு சுத்தையும் நான்தானே எண்ணினேன்."

அவள் அவன் கழுத்து வேர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். வெஸ்டல் கண்ணை மூடித் திறந்தான்.

"டிரைவர், கேட்டியா?" என்றான். அப்புறம் வெகு மெதுவாக, "கேட்டேன் மொதலாளி," என்றான்.

தடத்தை மணல் போட்டுத் துடைத்து மஞ்சள் கொடி காட்டினார்கள். கார்கள் வரிசையாக ஊர ஆரம்பித்தன. நாற்பத்தாறு வரிசையைவிட்டு எங்களிடம் வந்து நின்றது. வெஸ்டல் ஜன்னல் வழியாக வெளியே வந்து ஒற்றைக்காலில் நின்றான்.

"யோவ் லவுடர். டிரைவர் வேலை ஒண்ணு காலியா இருக்கு."

"மொதலாளி எப்படிப்பட்ட ஆளு?"

"சிடுமூஞ்சி. வாயில இருக்கற கடலையத் துப்பு மொதல்ல. பையில இருக்கறதையும் கொட்டு."

லவுடர் துப்பினான். பைகளை வெளியே இழுத்து உதறிக் காட்டினான். நானும் ஃபர்மனும் அவனை மூட்டையைத் திணிப்பதுபோல் ஜன்னல் வழியாக உள்ளே திணித்தோம்.

"அஞ்சாவது வந்தாப் போதும்," என்றான் வெஸ்டல். "என் காரை எங்கேயாவது கொண்டுபோய்ச் சாத்தினே..."

"இவ்வளவு நாள் வெளியிலேர்ந்துதான் சாத்தியிருக்கேன். உள்ளேர்ந்து இதான் மொத தடவை," என்றான் லவுடர். கார் கிளம்பிவிட்டது.

மயிரிழையில் ஒரு சுற்றை இழக்காமல் தப்பினோம். ஆனால் வரிசையில் கடைசி. மறுபடியும் பச்சைக் கொடி விழுந்தது. சோடா பாட்டில்கள் மிதக்கிற ஐஸ் தொட்டியில் வெஸ்டல் காலை விட்டுக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்தான். அவன் தன் கார் ஓடுவதை வெளியிலிருந்து பார்த்ததேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்படிப் பார்த்திருப்பான்? எப்போதும் உள்ளேயல்லவா இருந்தான்.

"ஹோபி," என்றான். "நம்ம கார் இவ்வளவு அழகாவா போகுது?"

"எழுத்தும் நல்லா இருக்கில்ல?" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. லவுடர் மூன்றாவது வளைவில் சுவரை உரசுகிற மாதிரி மேலே ஏறிப்போய், யாரும் போகாத அந்த இடத்திலிருந்து காலை எடுக்காமல் இறங்கி வந்தான். ஒரே வளைவில் இரண்டு கார் பின்னால் போனது. அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தான்.

"அங்க பிடிமானமே கிடையாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே இத்தனை வருஷமா," என்றான் வெஸ்டல்.

"இருக்குது போலிருக்கே."

"இருக்குது."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொறாமை இருக்குமோ என்றுதான் பார்த்தேன். இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமும் இருந்தது. தொட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டதுகூடத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான்.

எட்டாவது, ஏழாவது. பென்னிங்கர் கார் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஜெயிக்கத்தான் போகிறது. வெள்ளைக் கொடி, கடைசிச் சுற்று. லவுடர் ஆறாவது. ஐந்தாவதாகப் போன நீல நிறக் கார் மேலே வழிவிடாமல் அடைத்துக்கொண்டு போனது. லூரீன் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது வளைவில் லவுடர் சுவருக்கும் நீல நிறக் காருக்கும் நடுவே, கார் நுழையக் கூடிய இடமே இல்லாத இடத்தில் நுழைந்தான். வலது பக்கம் முழுக்கச் சுவரில் தேய்ந்து தீப்பொறி பறந்தது.

"என் பெயிண்ட்," என்றேன்.

"உன் பெயிண்ட் கிடக்குது," என்றான் வெஸ்டல்.

கோட்டைத் தாண்டும்போது எங்கள் காரின் மூக்கு முன்னால் இருந்தது. ஐந்தாவது. லூரீன் கீழே உட்கார்ந்துவிட்டாள். வெஸ்டல் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டுபோய் அவள் தோளில் முகத்தைப் புதைத்தான். பட்டம் அவன் பெயரில்தான். முதல் பச்சைக் கொடி விழும்போது சீட்டில் இருந்தவன் அவன்தானே.

லவுடரை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பூட்ஸின் அடிப்பாகம் பாதி கருகியிருந்தது. "கோழிக் கொட்டாய் கார் முட்டை போடல," என்றான் வெஸ்டலிடம். பிறகு, கொட்டிய கடலையைத் தேடிப் போனான்.

கோப்பை கொடுக்கிற இடத்தில் பென்னிங்கர் வந்து வெஸ்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அன்னைக்கு நான் ஒரு நல்ல ஆளை விட்டுட்டேன் ஹின்ஷா," என்றார்.

"அந்தப் பெயிண்ட் காஞ்சுதா மொதலாளி?" என்றான் வெஸ்டல்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் வெஸ்டல் கட்டுப்போட்ட காலோடு, டிரெய்லரில் காரை ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். வலது பக்கம் தேய்ந்துபோன எண்ணை மறுபடி எழுதத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துப் பெயிண்டைக் கலக்க ஆரம்பித்தேன்.

"பேரை எடுத்துடு ஹோபி," என்றான்.

"எதுக்கு? பேருல ஒரு கீறல்கூட இல்லையே."

"டூயி லவுடர்னு எழுது. வெள்ளிக்கிழமை மீன் கடையில பேசி முடிச்சுடுவேன், ஒத்துக்குவான். என் பேரைப் பின்னாடி எழுது. மொதலாளி பேரை எங்க எழுதுவியோ அங்க, பொடி எழுத்துல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூரிகையைக் கீழே வைத்தேன்.

"நீ இந்த வருஷ சாம்பியன்டா. சாம்பியனை எந்த மொதலாளியாவது வேலையை விட்டு அனுப்புவானா?"

"இந்தக் கார் நான் ஓட்டறதைவிட வேகமாப் போகும் ஹோபி. கண்ணால பாத்தேன். பாத்துட்டு, பாக்கலைன்னு சொல்ற மொதலாளி இல்ல நான்."

அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் சுரண்டியைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"டிரைவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"நேத்து சாயங்காலமே சொல்லிட்டேன். கொட்டாய்ல, மூஞ்சிக்கு நேரா. கதவைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விடறதுக்கு நான் என்ன பென்னிங்கரா?"

"என்ன சொன்னான்?"

"கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம், லவுடருக்கு சீட்டை அகலம் பண்ணணும், அந்தக் கல்நார்த் தகட்டை மறுபடி மாட்டணும்னான். மாட்டிட்டேன்."